தேக்கு வேண்டாம்… வெட்பாலை போதும்! மாதிரிக் கப்பல் கட்ட எந்த மரம் சரி?

கப்பல் கட்ட எந்த மரம் நல்லது என்று யாரைக் கேட்டாலும் சட்டென்று 'தேக்கு' என்பார்கள். தப்பே இல்லை. ஆனால் மேசை மேல் வைக்கப்போகும் ஒன்றரை அடி மாதிரிக் கப்பலுக்கும் அதே தேக்கை வாங்கி வந்தால், காசும் வீண், உழைப்பும் வீண்!

மரத்தில் மாதிரிக் கப்பல் கட்டுவது உலகம் முழுக்கப் பரவியிருக்கும் பொழுதுபோக்கு. பணி ஓய்வு பெற்றவர்கள், விடுமுறையில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகள், நாள் முழுக்க கம்ப்யூட்டரைப் பார்த்துக் கண் சோர்ந்தவர்கள் என எல்லோரையும் இழுக்கும். ஆனால் ஆசையாகத் தொடங்கிய கப்பல்களில் பல, பாதியிலேயே பரணுக்குப் போய்விடுகின்றன. கைத்திறன் இல்லாததுதான் காரணம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. ஒன்று, பொருந்தாத மரம். இரண்டு, முதல் முயற்சியிலேயே பெரிய கப்பல். இந்த இரண்டையும் தவிர்த்தாலே பாதிக் கடல் தாண்டியாயிற்று.

திருகோணமலை பெயரில் ஒரு தேக்குக் கப்பல்

தேக்கின் பெருமைக்கு ஒரு கப்பலே சாட்சி. பெயர் 'எச்.எம்.எஸ். டிரிங்கோமலி'. நம் ஈழத்துத் திருகோணமலையின் ஆங்கிலப் பெயர்தான். 1782-ல் அந்தத் துறைமுகத்துக்கு அருகே நடந்த கடற்போரின் நினைவாக வைத்த பெயர் இது.

நெப்போலியன் காலப் போர்களுக்காகக் கப்பல் கட்டிக் கட்டி, இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. அதனால் இந்தக் கப்பலை பம்பாயில் கட்டச் சொன்னார்கள். வரைபடங்களை 'ஜாவா' என்ற போர்க்கப்பலில் அனுப்பினார்கள். 1812 டிசம்பரில் பிரேசில் கடற்பகுதியில் அமெரிக்கக் கப்பல் 'கான்ஸ்டிடியூஷன்' அந்த ஜாவாவைத் தோற்கடிக்க, வரைபடங்களும் அதோடு அழிந்தன. திரும்பவும் நகல் எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று.

பம்பாயில் பார்சி கப்பல் கட்டுநர் ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் மலபார் தேக்கில் உருவான கப்பல், 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறங்கியது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பாவில் இன்னும் நீரில் மிதக்கும் மிகப் பழைய போர்க்கப்பல் இதுதான். இருநூறு வருடம் தாண்டியும் தேக்கு நிற்கிறது.

சரி, அதே டிரிங்கோமலியை வீட்டில் சிறிதாகக் கட்டுவதென்றால்? அதற்குத் தேக்கு ஆகாது!

கப்பல் சிறுக்கும்… மரத்தின் துளை சிறுக்காது

காரணம் எளிய கணக்கு. மாதிரிக் கப்பலை 'ஸ்கேல்' வைத்துத்தான் கட்டுவார்கள். 1:64 என்றால், நிஜக் கப்பலில் 64 சென்டிமீட்டர் உள்ள பொருள் மாதிரியில் ஒரு சென்டிமீட்டர். 25 சென்டிமீட்டர் அகலப் பலகை, 4 மில்லிமீட்டர் பட்டையாகிவிடும்.

ஆனால் மரம் சிறுத்துக்கொள்ளாது. தேக்குப் பலகையை உற்றுப் பார்த்தால் நீள நீளமாகக் கோடுகள் தெரியும். அவை மரம் நீரை மேலே ஏற்றிய குழாய்கள். அவற்றில் பெரியவை கால் மில்லிமீட்டர் அகலம்கூட இருக்கும். 1:64 கணக்கில் அது 16 மில்லிமீட்டர். அதாவது நிஜக் கப்பலின் பலகையில் கட்டைவிரல் நுழைகிற பள்ளங்கள் ஓடுவது போல் காட்சியளிக்கும். எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது கப்பலாகத் தெரியாது. கப்பல் வடிவத்தில் உள்ள மரத்துண்டாகத்தான் தெரியும்.

வேறு தொல்லைகளும் உண்டு. தேக்கில் உள்ள சிலிக்கா, கத்தி முனையைச் சீக்கிரம் மழுக்கும். அதிலுள்ள எண்ணெய்ப் பசை, பசை ஒட்டுவதைக் கெடுக்கும். கடல் நீரில் காப்பாற்றிய எண்ணெயே இங்கே எதிரி.

ஆகவே விதி ஒன்றுதான்: நிஜக் கப்பலுக்கு உறுதியான மரம், மாதிரிக் கப்பலுக்கு நுண்ணிய மரம். இழை நேராக, துளை கண்ணுக்குத் தெரியாமல், நிறம் ஒரே சீராக இருக்க வேண்டும்.

ஆட்டு எலும்பில் கப்பல்!

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 17-ம் நூற்றாண்டிலிருந்தே இங்கிலாந்துக் கடற்படைக்காக 1:48 அளவில் மாதிரிக் கப்பல்கள் செய்தார்கள். லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்திலும், அமெரிக்காவின் அனாபொலிஸ் கடற்படை அருங்காட்சியகத்திலும் அவற்றை இன்றும் பார்க்கலாம். நிஜக் கப்பல்கள் ஓக்கில் இருக்க, மாதிரிகளுக்கு அந்தக் கைவினைஞர்கள் எடுத்தது பேரி மரத்தையும் பாக்ஸ்வுட்டையும். நகக்கண் அளவு சிங்க முகத்தில்கூடப் பிடரி மயிர் தெரிகிறதென்றால், அது உளியின் திறமை மட்டுமல்ல, மரத்தின் மென்மையான இழையும்தான்.

இன்னும் விசித்திரம், இங்கிலாந்தில் சிறைப்பட்டிருந்த நெப்போலியன் படையின் போர்க் கைதிகள் செய்த கப்பல்கள். நல்ல மரத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்? சாப்பாட்டில் மிஞ்சிய ஆட்டு, மாட்டு எலும்புகளைச் சீவி, பட்டையாக்கி, கப்பல் கட்டினார்கள். எலும்பில் ரேகையும் இல்லை, துளையும் தெரியாது. அதனால்தான் அந்தக் கப்பல்கள் அத்தனை துல்லியமாக இருக்கின்றன. கையில் கிடைத்ததில் நுண்ணியது எது என்று பார்ப்பதுதான் இந்தக் கலையின் முதல் பாடம்.

கிட் பெட்டியில் இருப்பவை என்ன?

இத்தாலி, ஸ்பெயின், அமெரிக்க நிறுவனங்களின் கிட்களில் அடிக்கடி வரும் மரங்கள் இவை.

பால்சா: தென் அமெரிக்க மரம். இறகு போல இருக்கும். பிளேடாலேயே வெட்டலாம். ஆனால் நகம் பட்டாலே பள்ளமாகும். கப்பலின் உள்ளே இடைவெளி நிரப்ப அருமை. வெளியே தெரியும் பலகைக்கு வேண்டாம்.

லைம், பாஸ்வுட்: லைம் என்றதும் எலுமிச்சை என்று நினைக்க வேண்டாம். இது ஐரோப்பாவின் லிண்டன் மரம். பாஸ்வுட் அதன் அமெரிக்கத் தங்கை. நேரான இழை, ஊறவைத்தால் சொன்னபடி வளையும். முதன்முதலாகப் பழக இதைவிட நல்ல மரம் கிடையாது.

வால்நட்: பழுப்பு அழகு. கிட்களில் மேல் அடுக்குக்கு வரும். கொஞ்சம் துளை தெரியும். பெரிய ஸ்கேலுக்குப் பரவாயில்லை.

பேரி, பாக்ஸ்வுட்: கைதேர்ந்தவர்களின் மரங்கள். விலை கூடுதல். முதல் கப்பலுக்கு இவற்றை வாங்கிப் பயந்துகொண்டே வெட்ட வேண்டாம்.

நம் ஊர் மரங்களில் எது?

வெட்பாலை: சரும நோய்க்குத் தைலம் காய்ச்சுகிறோமே, அதே மரம்தான். தந்தம் போன்ற வெண்மை, நுண்ணிய இழை. கர்நாடகத்தின் சன்னபட்டணா பொம்மைகள் காலங்காலமாக இந்த மரத்தில்தான் கடைந்து செய்யப்படுகின்றன. பொம்மைக்குப் பொருந்தியது கப்பலுக்கும் பொருந்தும். மேல்தளப் பலகைக்குக் கச்சிதம்.

மஞ்சள் கடம்பு: இளமஞ்சள் நிறம், சீரான இழை. நூற்பாலை பாபின்கள் கடைய இதைப் பயன்படுத்தியதுண்டு. பாக்ஸ்வுட்டுக்கு மாற்றாகச் சொல்லத்தக்கது.

கொய்யா, எலுமிச்சை, மாதுளை: தோட்டத்தில் கவாத்து செய்து வீசும் கிளைகளைத் தூக்கிப் போடாதீர்கள். பழ மரங்களின் கட்டை கெட்டியாகவும் நெருக்கமாகவும் இருக்கும். கப்பி, பீரங்கி வண்டி, சிறு சிற்பம் செய்ய ஒரு சாண் துண்டே தாராளம். மாதிரிக் கப்பலுக்குப் பெரிய மரம் தேவையில்லை என்பதே பெரிய வசதி!

மூங்கில்: பலகைகளை நிஜக் கப்பலில் மர ஆணியால் இணைப்பார்கள். மாதிரியில் அந்த ஆணிக்கு, தேர்ந்த கலைஞர்களும் மூங்கிலைத்தான் நாடுகிறார்கள். மெல்லியதாகச் சீவினாலும் ஒடியாது.

வேம்பு, மா, ரப்பர் மரம் ஆகியவை மேசை நாற்காலிக்குச் சரி. இழை முரடு என்பதால் இங்கே ஒத்துவராது. பேக்கிங் பெட்டியில் வரும் பைன் மரத்தில் வரி வரியாக ரேகை ஓடும். வெட்டிப் பழக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கடையில் நான்கு சோதனைகள்

மரக்கடையில் பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். ஒரே பெயரில் பலவிதத் தரம் வரும். சிறு துண்டு ஒன்றை வாங்கி வந்து சோதியுங்கள்.

1. செல்போன் சோதனை: துண்டின் குறுக்கு வெட்டு முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, போன் கேமராவில் ஜூம் செய்து பாருங்கள். ஊசி குத்தியது போல் துளைகள் பளிச்சென்று தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

2. நகச் சோதனை: நகத்தால் அழுத்தினால் எளிதில் பள்ளம் விழுகிறதா? அது உள் நிரப்புக்கு மட்டும்.

3. கத்திச் சோதனை: கூரிய கத்தியால் ஓரத்தைச் சீவுங்கள். வழுவழுவென்று சுருள் வந்தால் நல்லது. பஞ்சு போல் பிசிறடித்தால் கடைசி வரை உப்புத்தாளோடு போராட வேண்டியிருக்கும்.

4. வளைவுச் சோதனை: 1.5 மி.மீ. பட்டையைச் சுடுநீரில் 20 நிமிடம் ஊறவைத்து, தம்ளரைச் சுற்றி மெல்ல வளையுங்கள். இழை பட்டையின் நீளவாக்கில் நேராக ஓடினால் வளையும். பக்கவாட்டில் வெளியேறினால் அங்கேதான் ஒடியும்.

பட்டையை அறுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ரம்பப் பட்டறையில் 2 மி.மீ. பட்டை கேட்டால், ரம்பத்தின் பல்லே 3 மி.மீ. தின்றுவிடும். பட்டையைவிடத் தூள்தான் அதிகம் கிடைக்கும். முதல் கப்பலுக்கு, ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் மாடல் செய்ய வாங்கும் கடைகளில் மெல்லிய மரத் தகடுகளை வாங்கி, எஃகு ஸ்கேல் வைத்துக் கத்தியால் கீறிப் பட்டையாக்குவதே சிக்கனம்.

ஈரத்தை எடை சொல்லும்

பச்சை மரத்தில் கட்டினால், காய்ந்ததும் பலகைகளுக்கு இடையே இடைவெளி விழும். கப்பலே முறுக்கிக்கொள்ளும். மரம் காய்ந்துவிட்டதா என்று அறியச் சமையலறைத் தராசு போதும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். எடை குறைவது நின்று நிலைத்துவிட்டால் மரம் தயார்.

வீட்டுக் கிளைகளைக் காயவைக்கும்போது, இரண்டு முனைகளிலும் மெழுகோ பெயின்ட்டோ பூசி நிழலில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முனை முதலில் காய்ந்து வெடிக்கும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு வருடம் என்பது பொதுக் கணக்கு. கடையில் வாங்கிய காய்ந்த மரத்தையும், கட்டத் தொடங்கும் அறையிலேயே இரண்டு வாரம் வைத்துவிட்டு எடுப்பது நல்லது.

முதல் கப்பல் சிறியதாக இருக்கட்டும்

1:64 அளவில் டிரிங்கோமலி கட்டினால் உடல் மட்டும் 70 சென்டிமீட்டரைத் தாண்டும். மூன்று பாய்மரம், நூற்றுக்கணக்கான கப்பிகள், கயிறுகள்… பல வருட வேலை. பெட்டிப் படத்தில் மயங்கி இப்படி ஒன்றில் கைவைத்தவர்கள்தான் அதிகம் துவண்டுபோகிறார்கள். மூன்று படிகளாக ஏறலாம்.

முதல் படி, கட்டுமரம். 'கட்டமரான்' என்ற சொல்லையே உலகுக்குக் கொடுத்த நம் கடற்கரைக் கலம். சட்டகம் கிடையாது, பலகை ஒட்டும் வேலையும் கிடையாது. செதுக்கிய கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்ட வேண்டும், அவ்வளவுதான். 6 மீட்டர் கட்டுமரம் 1:20 அளவில் 30 சென்டிமீட்டர். மரத்தின் இழை எந்தப் பக்கம் சீவினால் இணங்கும் என்பதைக் கைக்குக் கற்றுக்கொடுக்கும்.

இரண்டாம் படி, தட்டையான அடியுள்ள சிறு படகு. வட அமெரிக்காவில் காட் மீன் பிடிக்கப் போன 'டோரி' படகுகள் உலகெங்கும் தொடக்கக்காரர்களின் தேர்வு. பக்கத்துக்குச் சில பலகைகள்தான். 1:24 அளவில் ஒரு சாண் நீளம்.

மூன்றாம் படி, ஒற்றைப் பாய்மரக் கப்பல். இங்கேதான் ஏரா எனும் அடிமரம், வங்கு எனும் விலாச் சட்டங்கள், அவற்றின் மேல் பலகை என்று நிஜமான கப்பல் வேலை வருகிறது.

பலகை ஒட்டும் வித்தை

மூன்றாம் படியில் பலரையும் தடுமாற வைப்பது ஒன்றே ஒன்று. கப்பலின் நடுவயிறு அகலம். முனையான அணியத்தில் சுற்றளவு குறைவு. ஒரே அகலப் பட்டைகளை முனை வரை திணித்தால், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு பட்டையையும் அணியத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்கிச் சீவ வேண்டும். நடுவில் 4 மி.மீ. என்றால் முனையில் 2 மி.மீட்டருக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒட்டுவதற்கு முன், சட்டங்களின் ஓரங்களை உப்புத்தாளால் சாய்வாகத் தேய்த்து, பட்டை எல்லாச் சட்டங்களிலும் பதிந்து உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். இடப்பக்கம் ஒரு பலகை, வலப்பக்கம் ஒரு பலகை என்று மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் அடிமரம் வாழைப்பழம் போல வளைந்துவிடும். வளைந்த அடிமரத்தைப் பிறகு எதுவும் நிமிர்த்தாது.

முதல் அடுக்கு லைம் மரத்தில் போட்டு, மேடு பள்ளத்தைத் தேய்த்துச் சரிசெய்து, அதன் மேல் அரை மில்லிமீட்டர் கனத்தில் இரண்டாவது அடுக்கு ஒட்டுவது தொடக்கக்காரர்களுக்குப் பாதுகாப்பு. முதல் அடுக்கின் குறைகளை இரண்டாவது மூடிவிடும். வெனீர் கடைகளில் மிஞ்சும் துண்டுகள் இதற்கு உதவும்.

தூசி சின்னது… ஆபத்து பெரியது

மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை. இது முக்கியமாகத் தொழிற்கூடங்களில் நாள் முழுக்கத் தூளைச் சுவாசிப்பவர்களுக்கான எச்சரிக்கை என்றாலும், வீட்டிலும் அலட்சியம் கூடாது. தேய்க்கும்போது மாஸ்க் அவசியம். மின்விசிறிக்கு அடியில் தேய்க்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் வீடு என்றால் பால்கனிதான் பட்டறை. பிள்ளைகள் கத்தி எடுக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஈட்டி, செம்மரம் போன்ற மரங்கள் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தாலும் வாங்க வேண்டாம். கறுப்பு நிறம் வேண்டுமென்றால் வெளிர் மரத்துக்குச் சாயமேற்றினால் முடிந்தது.

தொடங்க இவை போதும்

* மாற்று பிளேடுகளோடு கைவினைக் கத்தி
* எஃகு ஸ்கேல், பென்சில்
* நுண்பல் ரம்பம், சிறு இழைப்புளி
* கையால் சுழற்றும் சிறு துளைப்பான்
* 120, 220, 400 எண் உப்புத்தாள்
* ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை (உடனே இறுகும் பசை, தவறாக ஒட்டினால் திருத்த விடாது)
* பலகையைப் பிடித்து வைக்க ஒரு டஜன் துணி கிளிப்
* மாஸ்க்

மின்கருவிகளை இரண்டாவது கப்பலின்போது யோசிக்கலாம்.

வரைபடம் கரையில் கிடக்கிறது

டிரிங்கோமலியின் வரைபடம் கடலில் அழிந்தபோது, இன்னொரு பிரதி எடுக்க லண்டனில் மூலம் இருந்தது. நம் கரைகளின் கலங்களுக்கு அந்த வசதி இல்லை. கேரளத்தின் பேப்பூரில் 'உரு' கட்டும் தச்சர்கள், காகிதத்தில் வரையாமல் மனக்கணக்கிலேயே கட்டுவதற்குப் பேர் போனவர்கள். கட்டுமரத்துக்கும் வரைபடம் கிடையாது. கட்டியவர் கையில்தான் கணக்கு. கண்ணாடி இழைப் படகுகள் வந்த பிறகு, அந்தக் கைகளும் கலங்களும் குறைந்துகொண்டே வருகின்றன.

ஆகவே அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது ஓர் அளவு நாடாவைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மணலில் ஏற்றி வைத்த கட்டுமரமோ பழைய மரப்படகோ கண்ணில் பட்டால், உரியவரிடம் கேட்டுவிட்டு நீளம், அகலம், கனம் எல்லாம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில், முன்னால், மேலிருந்து என்று போனில் படம் எடுங்கள். என்ன மரம், எங்கே கட்டியது என்று கேளுங்கள். அளவுகளை 20-ஆல் வகுத்தால் மாதிரியின் வரைபடம் தயார்.

கடையில் வாங்கும் கிட்டில் அதே கப்பல் ஆயிரம் வீடுகளில் இருக்கும். நீங்கள் அளந்து கட்டிய படகு உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும்.